ஒன்பதாம் நாள் எழுந்துவிட்டேன்

உன் கடிதம் வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. நான்கு நாட்களும் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். நீ எழுதியிருந்தது சின்ன விஷயம்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியில் உன் பொறுப்பில் ஒரு தபால்காரர். திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்தவர். அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறாய். பன்னிரண்டு நாளாகிவிட்டது. அவர் பொறுமை இழந்து முனகியபோது, "என் அப்பாவும் இப்படித்தான் படுத்திருந்தார். படுத்திருந்துதான் குணமானார்" என்று சொன்னாயாம். அவரும் அடங்கிவிட்டாராம்.

நான் அப்படிப் படுத்திருக்கவில்லை.

எட்டு நாள் படுத்திருந்தேன். ஒன்பதாம் நாள் எழுந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் உனக்கு நான் எழுதியது பொய். "நீ சொன்னபடியே கல்யாணத்துக்கு முதல் நாள்வரை படுக்கையில் இருந்தேன். உன் வைத்தியம் பலித்தது" என்று எழுதினேன். அப்போது நீ மதராஸில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை, கல்யாணத்துக்கு வர முடியவில்லை. நீ எனக்கு எழுதி அனுப்பியதுதான் உன் வாழ்க்கையில் நீ சொன்ன முதல் வைத்தியம். நாலு பக்கம். எலும்பின் படம்கூட வரைந்திருந்தாய். அதை மீறினேன் என்று எழுத மனம் வரவில்லை. "குழந்தை சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டுமே" என்றாள் உன் அம்மா. அத்தோடு நிறுத்தினேனா? ஆலப்புழை உறவுக்காரர்களிடமும், தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது அங்கே பார்த்தவர்களிடமும், டாக்டர் மகனின் பெருமையாக அதையே சொன்னேன். அவர்களில் எத்தனை பேர் இப்போது படுத்திருக்கிறார்களோ. அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பாமல், அச்சில் வரும்படி எழுதுகிறேன். பொய் தூரம் போயிருக்கிறது. திருத்தமும் அவ்வளவு தூரம் போகவேண்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கரமனை ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறினேன். மேல் படியில் வைத்திருந்த உலர்ந்த வேஷ்டியை எடுக்கக் குனிந்தேன். வேஷ்டி. அதன் எடை என்ன இருக்கும்? இடுப்புக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது. குனிந்தவன் குனிந்தபடி. மூச்சை இழுத்தால் வலி, விட்டால் வலி. குளிக்க வந்தவர்கள் இரண்டு பேர் என்னைக் கைகோத்துத் தூக்கித் தெருவழியாகக் கொண்டுவந்தார்கள். எதிரில் வந்தவர் ஒருவர், "கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கே, அதுக்குள்ள ஊர்வலமா ஓய்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் வலித்தது.

அந்தக் கல்யாணம் ராஜத்தின் கல்யாணம். உன் அத்தையின் ஒரே பெண். அவளும் நீயும் ஒரு வீட்டில் அண்ணன் தங்கைபோல வளர்ந்தவர்கள், உனக்கு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ராஜத்துக்கு மூன்று வயதில் அப்பா போய்விட்டார். அக்கா நம் வீட்டுக்கு வந்தாள். நம்மவர் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணை அவள் தாய்மாமன் தோளில் தூக்குவான். பிள்ளையை அவன் மாமன் தூக்குவான். மூன்று தடவை மாலை மாறும். வேறு எந்த ஆண்பிள்ளையும் பெண்ணைத் தொட்டுத் தூக்கக் கூடாது. ராஜத்துக்கு மாமன் நான் ஒருவன்தான்.

தூக்காமலும் கல்யாணம் நடக்கும். நின்றபடியே மாலை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை வீட்டாரும் அப்படியே சொல்லியனுப்பினார்கள். ஆனால் உன் அத்தை பந்தலுக்கு வரமாட்டாள். கைம்பெண் மங்கள காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது. முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பந்தல் தெருவில். ஜன்னலுக்கும் பந்தலுக்கும் நடுவே நூறு தலைகள். தலைகளுக்கு மேலே பெண் உயர்ந்தால் மட்டும் பெற்றவள் அவளைப் பார்க்கலாம். அன்று காலை முழுவதிலும் அந்தச் சில நிமிஷங்கள்தான் அவளுக்கு.

"நீ வெளியிலே வா அக்கா" என்று நான் கேட்டதுண்டு. ஒரு தடவை. மறுப்பை எதிர்பார்க்கும் குரலில் கேட்டேன். "பைத்தியமாட்டம் பேசாதே" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் மாஸ்டர், பி.ஏ.; புவியீர்ப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். தெருவோடு சண்டை போடுவதைவிட ஒரு பெண்ணைத் தோளில் தூக்குவது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. அப்போது இடுப்பு நன்றாக இருந்தது.

டாக்டர் வந்தார். கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார். எல்லாம் சரி. மெத்தைக்கு அடியில் பலகை போடச் சொன்னார். "ஆறு வாரம். எழுந்திருக்கக் கூடாது." உன் கடிதமும் அதே வாரத்தில் வந்தது. அதே பாடம். அவரும் நீயும் ஒரே புத்தகம் படித்திருப்பீர்கள்.

படுத்தேன். ஒன்று கவனித்தேன். நாலாம் நாள் வலி பாதியாகியிருந்தது. ஆனால் பயம் இரண்டு பங்காகியிருந்தது. முதல் நாள் திரும்பிப் படுத்தால் வலிக்கும் என்று தெரியும், திரும்பினேன். ஏழாம் நாள், வலிக்குமோ என்று திரும்பவே இல்லை. எட்டாம் நாள் உட்கார வைத்தார்கள். தொடைகள் நடுங்கின. அவை என் தொடைகள் மாதிரியே இல்லை. எது வியாதி, எது வைத்தியம் என்று பிரிக்க முடியாத ஒரு கூழாகிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஜேக்கப் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். போன யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் நின்றுகொண்டு, முன்னறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. நம் வீட்டில் வேற்று மதத்தார் உள்ளே வருவது வழக்கமில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"என்ன சாரே, ஒரேயடியா கெடந்துட்டியளே!"

"ஆறு வாரம் படுக்கணுமாம் ஜேக்கப்."

"யாரு சொன்னா?"

"டாக்டர். பிள்ளையாண்டானும் எழுதியிருக்கான்."

"குதிரைய எட்டு நாள் லாயத்துல கெட்டிப் போட்டா அதுவும் நொண்டும், பாத்துக்கிடுங்க. மெசப்பட்டோமியாவுல எனக்கும் இடுப்பு புடிச்சுது. படுக்க எடம் ஏது? நடந்தோம். சரியாப் போச்சு."

"எப்படிச் சரியாச்சு?"

"அது எனக்கு என்ன தெரியும்? சரியாச்சு."

"நடக்க முடியாம படுத்தவா கதி?"

ஜேக்கப் யோசித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "அவங்க பின்னால தங்கிட்டாங்க சாரே. அவங்களுக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பதில்தான் என்னை எழுப்பியது. டாக்டர் தெரியும் என்றார். நீ தெரியும் என்றாய். இவர் ஒருவர்தான் தெரியாது என்றார். தெரியாதவரை நம்பலாம் என்று தோன்றியது. இது தர்க்கம் இல்லை. நான் அறிவேன். ஆனாலும் படுக்கையில் இருப்பவன் தர்க்கத்தால் எழுந்திருப்பதில்லை.

மறுநாள் காலை அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று டிரில் சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புப் பக்கம் இழுக்க வேண்டும். மூன்று தடவை. பிறகு மறு கால். பிறகு கையும் முட்டியும் ஊன்றிப் பூனை முதுகை வளைப்பதுபோல வளைக்க வேண்டும். பிறகு எழுந்து, தெருவில் நாலு வீடு நடந்து திரும்பவேண்டும். "ஒண்ணு... ரெண்டு... மூச்ச அடக்காதீங்க... மூணு." தெரு முழுவதும் கேட்டது. பால்காரன்கூட நின்று பார்த்தான்.

அவர் போனதும் நான் ஒரு தவறு செய்தேன். மூன்று தடவை செய்தால் இவ்வளவு லேசாக இருக்கிறதே, முப்பது தடவை செய்தால்? முப்பதும் செய்தேன். மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது. உன் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வைதாள். "வய்யான்னா, முடியலேன்னா, சும்மா இருக்கப்டாதா? அந்த மனுஷன் மூணுன்னுதானே பறஞ்சார்? நீங்கோ என்ன பத்தால பெருக்கறேள்! பள்ளிக்கூடக் கணக்கா இது?" நீ இப்போது டாக்டர். கசப்பு மருந்தை ஒரு நாளில் முழுப் புட்டியும் குடித்தேன் என்று ஒருவன் வந்தால் சிரிப்பாய். தேகப்பயிற்சியும் அளவுள்ள மருந்துதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் இரண்டு தடவை. அதற்கடுத்த நாள் மூன்று.

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாட்கள் இருந்தன. ஒரு நோட்டுப் போட்டேன். காலையில் வலிக்கு மார்க். நூற்றுக்கு எழுபது, அறுபத்தைந்து, ஐம்பது, மறுபடி அறுபது. எத்தனை வீடு நடந்தேன். எத்தனை தடவை வளைந்தேன். காப்பி குடிக்கும்போது அதை உரக்கப் படிப்பேன். எனக்கு ஒரே உற்சாகம். வலி குறைந்ததனால் இல்லை. ஒரு கேள்வி கிடைத்ததனால். உன் அத்தை அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நாள் மட்டும், "இன்னிக்கு அறுபதா? நேத்திக்கு ஐம்பதுன்னியே?" என்று கேட்டாள். ஏறி இறங்கித்தான் இருக்கும் என்று கிராஃப் வரைவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினேன். அவள் கரண்டியோடு என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜேக்கப் என்னைச் சாலைக் கடைத்தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார். கரமனையிலிருந்து சாலைக்கு ஒரு மைலுக்கு மேல் இருக்கும். வழியில் ஆறு இடத்தில் நின்றேன். ஒரு அரிசி மண்டிக்கு எதிரில் நிறுத்தி, "பாருங்க சாரே, இதான் காலேஜு" என்றார். சுமட்டுக்காரர்கள் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், பார்த்ததில்லை. யாரும் இடுப்பை வளைத்துக் குனியவில்லை. முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். மூட்டையைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்தார்கள். காலால் எழுந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் வருஷாவருஷம் வரையும் நெம்புகோல். பாரம் தாங்குமிடத்துக்கு எவ்வளவு கிட்டேயோ, அவ்வளவு லேசு. வரைந்தவனுக்கு வேஷ்டி எடுக்கத் தெரியவில்லை.

மூட்டையை இறக்கிவிட்டு வியர்வை துடைத்தவரிடம் கேட்டேன். "உங்களுக்கெல்லாம் இடுப்பு வலிக்காதோ?"

"வலிக்காம? எனக்கும் மனுச ஒடம்புதானே சாமி."

"வலிச்சா என்ன செய்வேள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல. "வலிச்சா அன்னைக்குச் சின்ன மூட்டை."

ஜேக்கப் சிரித்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். உன் நாலு பக்கத்தில் இல்லாதது அந்த ஒரு வரியில் இருந்தது. படுக்கையும் இல்லை, பெரிய மூட்டையும் இல்லை. அவர் வீட்டில் படுத்தால் அடுப்பு எரியாது, அதனால் கண்டுபிடித்திருக்கிறார் என்று நீ சொல்லலாம். சரிதான். தேவை கண்டுபிடித்ததைப் புத்தகம் ஒருநாள் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம்.

அன்றிலிருந்து நானும் மூட்டை தூக்கினேன். ராஜத்தையே தூக்கிப் பழக முடியாது. கல்யாணத்துக்கு முன் தூக்குவது அபசகுனம் என்றார்கள். முதலில் கால் சாக்கு ஆற்று மணல். பிறகு அரைச் சாக்கு. ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு வெளியே, "முட்டு, முட்டு, முட்ட மடக்குங்க சாரே!" ராஜம் ஒரு நாள் வாசலில் நின்று, மணல் சாக்கைப் பார்த்து, "மாமா, நான் இவ்வளவு குண்டா?" என்று கேட்டாள். "இன்னும் முக்கால் சாக்குக்கு வரலேடி நீ" என்றேன். அன்று இரவு அவள் ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டதாக உன் அம்மா சொன்னாள். எத்தனை பேரை என் இடுப்பு ஆட்டிவைத்தது!

இப்போது உன் தபால்காரருக்கு வருகிறேன். அவருக்குக் காலில் மரமரப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, விழுந்து அடிபடவும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவரை எழுந்து நாலு கட்டில் தூரம் நடக்கச் சொல்லிப் பார். "தேகப்பயிற்சி குணப்படுத்தும்" என்று மட்டும் அவரிடம் சொல்லாதே. அது எனக்கே தெரியாது. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் எனக்கு மறுபடி பிடித்தது. உனக்கு எழுதவில்லை. அந்தத் தடவை பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. படுக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் போனேன், உட்கார முடியாதபோது நின்று பாடம் நடத்தினேன், மெதுவாகக் கடைக்குப் போனேன். நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அதே நாட்களில் விட்டுவிட்டது. அப்படியானால் ஜேக்கப்பின் டிரில் என்ன செய்தது? வலியைப் போக்கியதா? அது தானே போய்க்கொண்டிருந்ததா? இரண்டு முதுகு இருந்தால் ஒன்றைப் படுக்கப் போட்டு, ஒன்றை நடக்கவிட்டுப் பார்க்கலாம். எனக்கு இருப்பது ஒன்று. டிரில் என் கால்களை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அசைந்தால் உடைந்துவிடமாட்டேன் என்று காட்டியது. அவ்வளவு சொல்வேன். படுக்கை என்ன செய்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். உன்னிடம் இனி நூறு முதுகுகள் வரும். நீ பார்த்து எனக்கு எழுது. நான் சொன்னது தப்பு என்று தெரிந்தாலும் எழுது.

கல்யாணத்தன்று காலை வலிக்கு மார்க் பதினைந்து. அதை உரக்கப் படித்தேன். உன் அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்டா. நின்னுண்டே மாத்திக்கட்டும். எனக்குப் பாக்கணும்னு ஒண்ணும் இல்லை" என்றாள். பிறகு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேளம் மாறியது. ராஜம் மாலையோடு வந்து நின்றாள். கூட்டத்தின் ஓரத்தில் சலவைச் சட்டையோடு ஜேக்கப். அவர் வாய் அசைவது தெரிந்தது. முட்டியை மடக்கினேன். அணைத்தேன். காலால் எழுந்தேன். மணல் சாக்கு பேசாது, கைகால் ஆட்டாது. ராஜம் பயந்துபோய் என் குடுமியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து மாமன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போனார். எட்டவிடாமல் ஏய்ப்பதுதானே அதில் விளையாட்டு. "விடாதேயும், முன்னாலே போம்!" என்று நம் பக்கம் கத்தியது. நான் முன்னால் போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். "ஓய், பிள்ளை இங்கே இருக்கான், எங்கே திரும்பறீர்?" பெரிய சிரிப்பு. முதல் மாலை. இரண்டாவது. மூன்றாவது மாலை மாறியபிறகும் இறக்கவில்லை. எண்ணினேன், ஜேக்கப் எண்ணுவதுபோல. இருபதுவரை. இடுப்பில் ஏதோ இருந்தது. அதற்கு மார்க் போட நேரம் இல்லை.

மறுநாள் பெண்ணும் பிள்ளையும் நாகர்கோவிலுக்குக் கிளம்பிப் போனார்கள். வீடு ஓய்ந்தது. உன் அத்தை அடுக்களையில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "பாத்தியா அக்கா?" என்று கேட்டேன். பாராட்டைக் கேட்கப் போனேன் என்றுதான் வைத்துக்கொள்ளேன்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பாக்கலைடா" என்றாள். "தூக்கினயே, அப்போலேர்ந்து ஒன் இடுப்பைத்தான் பாத்துண்டிருந்தேன். தலைக்கு நடுவிலே ஒன் இடுப்பு எங்கே எங்கேன்னு தேடித் தேடி. இப்ப விழுவியோ இப்ப விழுவியோன்னு. நிமிந்து அவ மொகத்தைப் பாக்கறதுக்குள்ள எறக்கிட்டே."

தினமும் காலையில் எழுபது, ஐம்பது, அறுபது என்று அவள் காதில் போட்டவன் நான். என் முதுகிலிருந்து வலி இறங்க இறங்க, அது போய் உட்கார இன்னொரு இடத்தை நானே தயார் செய்திருக்கிறேன். அவள் ஒரு அடுக்கைத் துடைத்துக் கவிழ்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் வருத்தம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்.

"நீ சொல்லு. சிரிச்சாளா, அழுதாளா?"

தோளில் இருப்பவளின் முகம் தூக்குகிறவனுக்குத் தெரியாது.

"சிரிச்சா அக்கா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அப்பா